ஜோடனை

1613ம் ஆண்டு ஜூன் 29ந் தேதி லண்டனில் குளோப் நாடக அரங்கம் எரிந்து போயிற்று. அன்று மேடையில் இருந்தது ஷேக்ஸ்பியரும் ஜான் ஃப்ளெட்சரும் சேர்ந்து எழுதிய எட்டாம் ஹென்றி நாடகம். அரசன் வரும் காட்சிக்காக வெடித்த பீரங்கியிலிருந்து பொறி கிளம்பிக் கூரையில் விழுந்தது. ஒருவருடைய கால்சராயில் தீப் பிடித்ததாகவும், கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்துக்கொண்டதாகவும் அப்போதைய கடிதம் ஒன்று சொல்கிறது. இதெல்லாம் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் இருப்பதுதான். நான் சொல்ல வந்தது அந்த நாடகத்துக்கு அன்று வழங்கிய பெயரைப் பற்றி. 'ஆல் இஸ் ட்ரூ' என்பது பெயர். எல்லாம் உண்மை.

எல்லாம் உண்மையா? ஹென்றியின் முதல் ராணி காதரின் நாடகத்தின் நான்காம் அங்கத்திலேயே சாவின் விளிம்பில் இருக்கிறாள். எலிசபெத் குழந்தை ஞானஸ்நானம் பெறுவது ஐந்தாம் அங்கத்தில். நிஜத்தில் எலிசபெத் பிறந்தது 1533 செப்டம்பரில். காதரின் இறந்தது 1536 ஜனவரியில். குழந்தை பிறக்கும்போது முதல் மனைவி உயிரோடு இருப்பது நாடகத்துக்குச் சங்கடம். எனவே அவளை முன்கூட்டியே கிடத்திவிட்டார்கள். இதைக்கூட மன்னித்துவிடலாம். நாடகம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். குழந்தை, வாழ்த்து, வருங்காலம் பற்றிய ஆரூடம், அத்தோடு சுபம். அந்தக் குழந்தையின் தாய் ஆன் பொலினுக்கு அடுத்த மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் தலை போயிற்று. நாடகத்தில் அது இல்லை. ஒரு பொய்யும் சொல்லாமல், எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, ஒரு கொலையை இல்லாமல் ஆக்கிவிட முடிகிறது.

டியூடர் அரச குடும்பத்தைப் பற்றிப் படமோ நாவலோ வந்தால் உடனே இரண்டு கட்சிகள் கூடிவிடுகின்றன. ஒன்று பிழை பொறுக்கும் கட்சி. கழுத்துப்பட்டையின் மடிப்பு இருபது வருஷம் பிந்தியது, அந்தக் கோட்டை அப்போது கட்டப்படவே இல்லை, அந்த ஆள் அதற்குள் செத்துப் போயிருந்தான் என்று பட்டியல் போடும். இன்னொன்று, இது கதைதானே என்னும் கட்சி. கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும், சரித்திரம் வேண்டுமானால் சரித்திரப் புத்தகத்தைப் படி என்று சொல்லும். முதல் கட்சிக்கு எல்லாப் பிழையும் ஒரே எடை. இரண்டாவது கட்சிக்கு எந்தப் பிழைக்கும் எடையே இல்லை. நிறுத்துப் பார்க்கும் சிரமத்தை இருவரும் சௌகரியமாகத் தவிர்த்துக்கொள்கிறார்கள்.

பி.ஏ.யில் ஆங்கிலம் எடுத்துப் படித்ததால் டியூடர்கள் எனக்குப் பாடத்திட்டத்தில் வந்து சேர்ந்தவர்கள். இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. ஹென்றி மடாலயங்களைக் கலைத்ததற்கான காரணங்களை நம்பர் போட்டு உருப்போட்டிருக்கிறேன். ஆனால் ஹென்றி என்றதும் மனதில் எழுகிற ஆள் அந்தத் தாளிலிருந்து வந்தவனல்ல. 1933ல் அலெக்ஸாண்டர் கோர்டா எடுத்த படத்தில் சார்ல்ஸ் லாட்டன் கோழியைப் பிய்த்துத் தின்றுவிட்டு எலும்பைத் தோளுக்குப் பின்னால் எறிகிறாரே, அவன்தான். லாட்டன் தன் ஹென்றியை எங்கிருந்து எடுத்தார்? ஹோல்பைன் தீட்டிய சித்திரத்திலிருந்து. காலை அகட்டி, இடுப்பில் கைவைத்து, பார்ப்பவனை நேருக்கு நேர் முறைக்கும் அந்தத் தோரணை 1537ல் வைட்ஹால் அரண்மனைச் சுவருக்காக அரசன் செலவில் தீட்டப்பட்டது. சுவர் 1698ல் எரிந்துவிட்டது, தோரணை எரியவில்லை. அரசன் தன்னைப் பற்றி என்ன நினைக்கப்பட வேண்டும் என்று விரும்பினானோ அதை ஓவியன் வரைந்தான், நடிகன் அணிந்துகொண்டான், நாம் சரித்திரம் என்று பெற்றுக்கொண்டோம்.

அதே படத்தில் காதரின் கிடையவே கிடையாது. அவள் கௌரவமான பெண், எனவே அவள் கதையில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை என்ற பொருள்பட எழுத்துப் போட்டுப் படத்தைத் தொடங்குகிறார்கள். இருபத்துநாலு வருஷம் மனைவியாக இருந்தவள், பல பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், சபையில் எழுந்து நின்று தன் வழக்கைத் தானே பேசியவள், ஒரு வரி நகைச்சுவையில் காணாமல் போகிறாள். இதில் தேதிப் பிழை ஒன்றும் இல்லை. பிழை பொறுக்கும் கட்சிக்கு இது அகப்படவே அகப்படாது.

ஆகவே என்ன மாறியது என்று கேட்பதோடு நிற்க முடியாது. மாறியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1998ல் சேகர் கபூர் எடுத்த 'எலிசபெத்' படத்தை எடுத்துக்கொள்வோம். பிழைகள் ஏராளம். ராணிக்கு ஆலோசனை சொல்லும் ஸெஸில் அதில் தள்ளாத கிழவர். ஓய்வு கொடுத்து அனுப்பப்படுகிறார். எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது உண்மையான ஸெஸிலுக்கு வயது முப்பத்தெட்டு. 1598ல் சாகும்வரை அவளிடம் வேலை பார்த்தவர். வால்ஸிங்ஹாம் ஏறத்தாழ ராணியின் வயதுக்காரர், படத்தில் மூத்தவர். பிஷப் கார்டினர் அவள் பட்டமேறுவதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்தவர். படத்தில் அதற்குப் பிறகும் சதி செய்கிறார். ஸ்காட்லாந்தில் நீர்க்கோவை நோயால் இறந்த மேரி ஆஃப் கீஸைப் படத்தில் வால்ஸிங்ஹாம் தீர்த்துக்கட்டுகிறார். இவற்றில் பெரும்பாலானவற்றை நான் பொருட்படுத்த மாட்டேன். கபூருக்கு ஒரு பார்வை இருந்தது. ரத்தமும் சதையுமான ஒரு பெண், அரசு நடத்துவதற்காகத் தன்னையே ஒரு விக்கிரகமாகச் செய்துகொள்கிறாள். கடைசியில் முகத்தில் வெள்ளை பூசி, முடியை வெட்டிக்கொண்டு, கன்னித் தெய்வமாக வந்து நிற்கிறாளே, அதை எடுக்க விக்கிரகங்களோடு பழகிய கண் வேண்டும். ஆங்கிலேய டைரக்டர் ஒருவருக்கு அது அவ்வளவு சுலபத்தில் வாய்த்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் ராபர்ட் டட்லி? படத்தில் அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது எலிசபெத்துக்குத் தெரியாது. தெரிந்ததும் உடைந்து போகிறாள். பிறகு அவன் ராணிக்கு எதிரான சதியில் சேர்கிறான். நிஜத்தில் டட்லியின் கல்யாணம் 1550ல் ஊரறிய நடந்தது. எலிசபெத்தின் தம்பி அரசன் எட்வர்டு நேரில் வந்திருந்தான். டட்லி ஒரு சதியிலும் ராணிக்கு எதிராக நின்றவனல்ல. 1588ல் ஸ்பெயின் கப்பற்படை வந்தபோது தரைப்படைக்குத் தலைமை வகித்து, சில வாரங்களில் இறந்தான். அவன் எழுதிய கடைசிக் கடிதத்தை, அது கடைசிக் கடிதம் என்று தன் கையால் குறித்து, சாகும்வரை ராணி பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். கபூரின் விக்கிரகத்துக்கு டட்லியின் துரோகம் தேவையே இல்லை. முப்பது வருஷம் விசுவாசமாக இருந்த ஒருவனை மணக்காமலே இருந்தாள் என்பது அந்த விக்கிரகத்தை இன்னும் கடினமான கல்லில் செதுக்கியிருக்கும். துரோகம் என்பது சினிமாவின் பழக்கம், அவ்வளவுதான். பழக்கத்துக்காக ஒரு மனிதனைத் துரோகியாக்கிவிட்டார்கள்.

கபூரின் முந்தைய படம் 'பேண்டிட் குவீன்', 1994ல் வந்தது. அதில் காட்டப்பட்ட பூலன் தேவி அப்போது உயிரோடு இருந்தார். இது என் கதை அல்ல, என் அனுமதியும் இல்லை என்று கோர்ட்டுக்குப் போனார். அவர் தரப்பில் நியாயம் எவ்வளவு என்பது தனி விவகாரம். போவதற்கு ஒரு கோர்ட் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். டட்லிக்கு அந்த வழி இல்லை. செத்தவனைப் பற்றி எழுதுகிறவனிடம் வழக்காட யாரும் வரமாட்டார்கள். அவன் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

வேறு ஒரு வகைப் பிழை உண்டு. 2007 முதல் 2010 வரை ஓடிய 'தி டியூடர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் ஹென்றியின் இரண்டு சகோதரிகளை ஒரே ஆளாக்கிவிட்டார்கள். மார்கரெட் என்ற பெயரை வைத்துக்கொண்டு மேரியின் கதையைக் கொடுத்து, கிழட்டுப் பிரெஞ்சு ராஜாவுக்குப் பதில் போர்ச்சுகல் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து, அவனைத் தலையணையால் அமுக்கிக் கொல்லவும் வைத்தார்கள். இதில் கொலையைவிட வேடிக்கையானது கணக்கு. நிஜ மார்கரெட் 1503ல் ஸ்காட்லாந்து அரசனை மணந்தாள். அவளுடைய பேத்திதான் ஸ்காட்லாந்து ராணி மேரி. கொள்ளுப்பேரன் ஜேம்ஸ் 1603ல் எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். தொடரின் உலகத்தில் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஆகவே மேரி பிறக்கவில்லை, ஜேம்ஸ் பிறக்கவில்லை, ஸ்டூவர்ட் வம்சமே இங்கிலாந்துக்கு வர வழியில்லை. இரண்டு இளவரசிகள் இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாம். வீட்டில் எந்தத் தூண் கூரையைத் தாங்குகிறது என்று பார்க்காமல் இடத்தை அடைக்கிறது என்று ஒரு தூணை எடுத்துவிடுகிற காரியம் இது. ஆனாலும் இதில் யாருக்கும் அவதூறு இல்லை. அசட்டுத்தனம் மட்டுமே. எடை குறைவு.

இரண்டு ராணிகளின் சந்திப்பு இதைவிடச் சிக்கலானது. எலிசபெத்தும் ஸ்காட்லாந்து மேரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. 1562ல் சந்திக்க ஏற்பாடாகி நின்றுபோயிற்று. 1568ல் மேரி அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு ஓடிவந்தாள். 1587 பிப்ரவரி 8ந் தேதி தலை வெட்டப்படும்வரை, பத்தொன்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக, காவலில் இருந்தாள். நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எலிசபெத் இணங்கவில்லை. 1800ல் ஷில்லர் தன் நாடகத்தில் இருவரையும் ஒரு தோட்டத்தில் சந்திக்க வைத்தார். அதிலிருந்து அவர்கள் சந்தித்துக்கொண்டே இருக்கிறார்கள். டோனிஸெட்டியின் இசை நாடகத்தில் சந்தித்தார்கள். 1971ல் வந்த படத்தில் சந்தித்தார்கள். 2018ல் வந்த படத்தில் உலரப்போட்ட துணிகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் தேடிச் சந்தித்தார்கள்.

ஷில்லரின் சந்திப்பை நான் ஏற்றுக்கொள்வேன். கெஞ்ச வந்த மேரி, கெஞ்ச முடியாமல் போய், எதிரியின் முகத்துக்கு நேரே பேசிவிடுகிறாள். அந்த நிமிஷம் ஜெயித்ததாலேயே சாகிறாள். முழு நாடகமும் அந்தப் பாரத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டது. பொய் என்றாலும் விலை கொடுத்து வாங்கிய பொய். அடுத்து வந்தவர்கள் விலை கொடுக்கவில்லை. ஷில்லர் செய்தாகிவிட்டது, இரண்டு நடிகைகள் இருக்கிறார்கள், ஒரே காட்சியில் நிறுத்தாமல் எப்படி என்ற எண்ணம். இதில் இழந்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். எலிசபெத்தின் ராஜதந்திரமும் கொடூரமும் பார்க்க மறுத்ததில்தான் இருந்தன. கடிதம் வரும், பதில் போகும், கதவு திறக்காது. பத்தொன்பது வருஷம் திறக்காத கதவைத் திரையில் காட்டத் தெரிந்தவன் இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னவை சில்லறைக் கணக்குகள். பெரிய கணக்கு 1536 மே மாதத்தில் இருக்கிறது.

மே 2ந் தேதி ஆன் பொலின் கைதானாள். அரசனைத் தவிர ஐந்து பேரோடு கூடினாள் என்று குற்றச்சாட்டு. நாரிஸ், வெஸ்டன், பிரீர்டன் என்ற மூன்று அரசவைக்காரர்கள். மார்க் ஸ்மீட்டன் என்ற வாத்தியக்காரன். ஐந்தாவது, அவள் கூடப் பிறந்தவன் ஜார்ஜ். அரசனைக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் நீங்கலாக நாலு பேரை 12ந் தேதி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். ஆன் விசாரணைக்கு வந்தது 15ந் தேதி. அவளோடு கூடியதற்காக நாலு பேர் ஏற்கெனவே குற்றவாளிகளாகிவிட்ட பிறகு அவள் மட்டும் நிரபராதியாக இருப்பது எப்படி? அண்ணனோ தம்பியோ, ஜார்ஜுக்கும் அன்றே தீர்ப்பு. 17ந் தேதி ஐந்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் ஹென்றி–ஆன் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆர்ச்பிஷப் கிரான்மர் அறிவித்தார். மனைவியே இல்லையென்றால் சோரம் போனது எப்படி என்று கேட்க அங்கே ஆள் இல்லை. 19ந் தேதி காலை, கலேயிலிருந்து வரவழைத்த வாள்காரன் அவள் தலையை எடுத்தான். 30ந் தேதி ஹென்றிக்கு ஜேன் ஸீமோரோடு கல்யாணம்.

குற்றப்பத்திரிகை இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளின் காகிதங்களைப் போட்டு வைத்த பைக்கு 'இரகசியங்களின் பை' என்று லத்தீனில் பெயர். இப்போது இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. குற்றம் உண்டு, ஜூரிகளின் பெயர் உண்டு, தீர்ப்பு உண்டு. சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். தேதி எங்கள் பிழைப்பு. பின்னால் உட்கார்ந்து தயாரித்த வவுச்சருக்கு ஒரு லட்சணம் உண்டு. தொகை சரியாக இருக்கும், கையெழுத்து சரியாக இருக்கும், தேதியைப் பார்த்தால் அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஆனின் குற்றப்பத்திரிகை அந்த ஜாதி. 1533 அக்டோபர் 6, 12 தேதிகளில் வெஸ்ட்மின்ஸ்டரில் நாரிஸோடு என்று அது தொடங்குகிறது. எலிசபெத் பிறந்தது செப்டம்பர் 7. பிள்ளை பெற்றவள் தேவாலயத்தில் சுத்திச் சடங்கு முடியும்வரை வெளியே வருகிற வழக்கம் அந்த நாட்டில் அப்போது இல்லை. நம் தீட்டுக் கணக்குதான். அவள் கிரீனிச் அரண்மனையில் அறைக்குள் இருந்தாள். இப்படி ஒவ்வொரு தேதியாக எடுத்து, அன்று அவள் எங்கே இருந்தாள், அந்த ஆள் எங்கே இருந்தான் என்று சரிபார்த்தவர் எரிக் ஐவ்ஸ் என்ற சரித்திரப் பேராசிரியர். குறிப்பிட்ட குற்றங்களில் முக்கால் பங்கு இன்றைக்கு இருக்கிற ஆதாரங்களை வைத்தே பொய் என்று காட்டலாம் என்றார். எழுதியவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அங்கங்கே 'முன்னும் பின்னும் மற்ற நாட்களிலும் மற்ற இடங்களிலும்' என்று சேர்த்துவிட்டார்கள்.

ஆனின் மீது பிரியமில்லாத சாட்சி ஒருவர் இருக்கிறார். பேரரசன் ஐந்தாம் சார்ல்ஸின் தூதர் ஷாப்வி. சார்ல்ஸ் காதரினின் அக்காள் மகன். ஷாப்வி காதரினின் பக்ஷம். ஆனை ராணி என்று கூட எழுத மாட்டார், வைப்பாட்டி என்றுதான் எழுதுவார். அவரே, ஸ்மீட்டனைத் தவிர மற்றவர்கள் தக்க ருசுவோ ஒப்புதலோ இல்லாமல் ஊகத்தின்பேரில் தண்டிக்கப்பட்டார்கள் என்று எழுதினார். ஜூன் மாதக் கடிதம் ஒன்றில், மந்திரி தாமஸ் குரோம்வெல் தன்னிடம் சொன்னதைப் பிரெஞ்சில் தெரிவிக்கிறார். அந்த விவகாரத்தைத் தானே யோசித்து உருவாக்கியதாகக் குரோம்வெல் சொன்னானாம். அதில் ஷாப்வி போட்டிருக்கும் வினைச்சொல் 'ஃபான்டாஸியே'. வெறுமனே யோசித்தான் என்றும் பொருள் கொள்ளலாம், கற்பனை செய்தான் என்றும் கொள்ளலாம்; சரித்திரக்காரர்கள் இன்னும் அதில் ஒத்துப்போகவில்லை. தமிழில் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. வழக்கை ஜோடித்தான் என்போம். நகை பூட்டுவதும், தேரை அலங்கரிப்பதும், இல்லாத குற்றத்துக்குச் சாட்சி வைப்பதும் நமக்கு ஒரே வார்த்தை. ஆன் பொலினைப் பற்றிய முதல் நாவலை எழுதியவன் குரோம்வெல். அதில் காலம், இடம், பாத்திரங்கள், படுக்கையறை எல்லாம் இருந்தன. ஆறு பேர் செத்தார்கள்.

ஆன் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்திருக்கலாம் என்று வாதாடும் சரித்திரக்காரரும் உண்டு, ஜி. டபிள்யூ. பெர்னார்ட் 2010ல் ஒரு புத்தகமே எழுதினார். வாதாடட்டும். ஆதாரத்தை முன்னால் வைத்து வாதாடினால் மறுப்பவனுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. நாவலில் அந்த நாற்காலி கிடையாது.

2001ல் பிலிப்பா கிரெகரி எழுதிய 'தி அதர் பொலின் கேர்ள்' லக்ஷக்கணக்கில் விற்ற நாவல். 2008ல் படமும் ஆயிற்று. ஆனின் சகோதரி மேரி சொல்வதாகக் கதை. பிள்ளைக்காக ஆன் தன் உடன்பிறந்தவனோடு சேர்ந்தாள் என்று வாசகன் முடிவு கட்டும்படி நாவல் நடக்கிறது. விகாரமான ஒரு சிசு செத்துப் பிறக்கிறது. படத்தில் கொஞ்சம் பயந்துகொண்டு, அவள் கேட்கிறாள், ஆனால் நடக்கவில்லை என்று வைத்தார்கள். விகாரச் சிசு எங்கிருந்து வந்தது? 1536 ஜனவரி 29ந் தேதி ஆனுக்குக் கரு கலைந்தது என்று ஷாப்வி எழுதியிருக்கிறார். விகாரம் பற்றி அவர் மூச்சு விடவில்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாரா? அந்த விவரம் முதலில் வருவது நிக்கலஸ் ஸாண்டர் என்ற கத்தோலிக்கப் பாதிரியின் புத்தகத்தில். அது அச்சானது 1585ல். ஆன் இறந்தபோது ஸாண்டர் ஆறு வயசுக் குழந்தை. அவளுக்கு ஆறு விரல், துருத்திய பல், கழுத்தில் கட்டி என்று எழுதியதும் அவரேதான். 1989ல் ரீத்தா வார்னிக் என்ற சரித்திரப் பேராசிரியை இந்த விகாரச் சிசுவை வைத்து ஒரு கோட்பாடு கட்டினார். கிரெகரி அதை ஆதாரமாகச் சொல்கிறார். வார்னிக் ஆனை நிரபராதி என்று நம்புகிறவர் என்பதை மட்டும் நாவல் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்குத்தான் நான் எடை அதிகம் போடுவேன். குற்றப்பத்திரிகையில் இருந்த மிக ஆபாசமான வாசகத்தை, ஐந்து நூற்றாண்டு கழித்து, ஒரு பெண்ணின் சகோதரி வாயால், அனுதாபம் என்ற தொனியில் நாவல் திரும்பச் சொல்கிறது. வாசகன் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஜூரியாக உட்கார்ந்து குற்றவாளி என்கிறான். கூடவே அடடா பாவம் என்றும் சொல்கிறான். உடையும் உணவும் சரியாக இருந்தால் இது சரியாகிவிடுமா? சரியாக இருப்பதால் இன்னும் மோசம். கழுத்தில் தொங்கும் பதக்கம் நிஜம் என்பது படுக்கையறைக்குச் சாட்சி சொல்லப் பயன்படுகிறது.

அப்படியானால் எழுத வேண்டியது எப்படி? இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம்.

ராபர்ட் போல்ட்டின் 'எ மேன் ஃபார் ஆல் ஸீஸன்ஸ்' 1960ல் நாடகமாக வந்தது. ஃப்ரெட் ஸின்னமன் 1966ல் படமாக்கினார். மனசாட்சிக்காகத் தலை கொடுத்த தாமஸ் மோரின் கதை. மூன்று பெண்ணும் ஒரு பிள்ளையும் இருந்த மோருக்கு அதில் மார்கரெட் ஒருத்திதான் பிள்ளை, இது குற்றமில்லை. சட்டத்தைப் பற்றி மோர் பேசுகிற இடங்கள் கம்பீரமானவை. ஆனால் 1529 முதல் 1532 வரை மோர் சான்ஸலராக இருந்த காலத்தில் மத விரோதிகள் என்று ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மோர் அதை எழுத்தில் ஆதரித்தவர். அந்த ஆறு பேர் போல்ட்டிடம் இல்லை. மனசாட்சி என்ற ஒன்று அவர்களுக்கும் இருந்தது என்பதுதான் போல்ட்டுக்குச் சங்கடம். அவர்களை உள்ளே விட்டிருந்தால் நாடகம் கெட்டிருக்காது. மோர் யாருடைய மனசாட்சிக்காகச் செத்தார் என்ற கேள்வி எழுந்து, நாடகம் பெரிதாகியிருக்கும். ஷேக்ஸ்பியர் ஞானஸ்நானத்தோடு நிறுத்தியதும் இதுவும் ஒரே உபாயம்.

ஹிலரி மாண்டல் அதற்கு எதிர்த் திசையில் போனவர். 'வுல்ஃப் ஹால்' 2009லும் 'பிரிங் அப் தி பாடீஸ்' 2012லும் வந்தன. குரோம்வெல்லின் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறோம். தெரிந்த உண்மையை மாற்றுவதில்லை என்பது அவர் கட்டுப்பாடு. நியூயார்க்கில் ஃப்ரிக் காட்சியகத்தில் ஒரு கணப்படுப்பின் இரு பக்கத்திலும் ஹோல்பைன் தீட்டிய மோரும் குரோம்வெல்லும் மாட்டப்பட்டிருக்கிறார்கள். மோருக்கு வெல்வெட்டும் ஞானமும். குரோம்வெல்லுக்கு இறுகிய வாயும் சின்னக் கண்ணும். அந்தச் சுவரில் நடந்த தீர்ப்பைத் திருத்தி எழுத மாண்டல் புறப்பட்டார் என்று சொல்லலாம். மோரைக் கொஞ்சம் அதிகமாகவே வாட்டிவிட்டார் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் ஆனின் வழக்கை அவர் கையாண்ட விதம் வேறு. ஸ்மீட்டன் வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது, ஒவ்வொருவனையும் தனித்தனியே உட்காரவைத்துக் குரோம்வெல் எப்படிப் பேசுகிறான், தேதிகள் எப்படி நிரப்பப்படுகின்றன என்று வழக்கு தயாராகும் பட்டறைக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறார். குரோம்வெல்லின் பழைய எஜமானன் கார்டினல் உல்ஸி. அவர் இறந்த பிறகு, பிசாசுகள் அவரை நரகத்துக்கு இழுத்துப் போவதாக ஒரு கேலிக்கூத்து நடந்தது சரித்திரம். பிசாசு வேஷம் போட்டவர்கள் யார் என்று ஆவணத்தில் இல்லை. நாரிஸ், வெஸ்டன், பிரீர்டன், ஜார்ஜ் என்று மாண்டல் அந்த முகமூடிகளுக்குள் ஆள் வைத்தார். வருஷக்கணக்காகக் காத்திருந்து குரோம்வெல் அந்த நாலு பேரை எடுக்கிறான். இது சுத்தக் கற்பனை. இந்தக் கற்பனையால் செத்தவர்களுக்குப் புதிதாக ஒரு குற்றம் சேரவில்லை. எந்தக் குற்றத்துக்காகச் செத்தார்களோ அது அவர்கள் செய்ததல்ல என்பது அழுத்தமாகிறது. நமக்குக் குரோம்வெல்லைப் பிடித்துப்போயிருக்கிறது, அவன் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கியிருக்கிறோம், அவனோடு சேர்ந்து ஆறு பேரைக் கொன்றுவிட்டுப் புத்தகத்தை மூடும்போது வயிற்றைப் பிசைகிறது. கிரெகரியின் வாசகன் ஜூரியாக உட்கார்ந்தான். மாண்டலின் வாசகன் ஜோடித்தவனின் கையாளாக இருந்துவிட்டு எழுந்து போகிறான். தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குத் தெரியும்.

இருவருமே ஆவணத்தில் இல்லாததை எழுதியவர்கள். 'மற்ற நாட்களிலும் மற்ற இடங்களிலும்' என்று குற்றப்பத்திரிகை விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் இருவரும் வேலை செய்தார்கள். ஒருவர் அரசு வக்கீல் ஆசைப்பட்டதைக் கொண்டு அதை நிரப்பினார். இன்னொருவர் அந்த வாக்கியத்தை எழுதிய கையைக் காட்டினார். சரித்திர நாவலுக்கும் சரித்திரப் படத்துக்கும் வேறு பரீக்ஷை எனக்குத் தெரியவில்லை. கழுத்துப்பட்டையின் மடிப்பைத் தையற்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

டவருக்குள் இருக்கும் சிறு தேவாலயத்தில் ஆனைப் புதைத்தார்கள். சவப்பெட்டிக்கு யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அம்பு வைக்கும் மரப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்கள். வாள்காரனுக்குக் கலேய்க்கு ஆள் அனுப்ப நேரம் இருந்தவர்கள் அவர்கள்.